சொங் காலச் சீனாவில் அன்றாட வாழ்வும் புதுமைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடைக்காலச் சீனாவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அச்சு, வெடிமருந்து, திசைகாட்டி, காகிதப் பணம் என்று பட்டியல் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அவற்றைக் கையாண்ட மக்கள் எதைச் சாப்பிட்டார்கள், எதை எரித்துக் குளிர் காய்ந்தார்கள், எந்தத் தொல்லை பொறுக்க முடியாமல் புதுவழி தேடினார்கள் என்பதையும் தெரிந்துகொண்டால்தான் அந்தப் புதுமைகளின் அருமை விளங்கும். ஆகவே இந்தப் பக்கத்தில் கருவியைச் சொல்வதற்கு முன் அதற்குக் காரணமான இடர்ப்பாட்டைச் சொல்ல முயன்றிருக்கிறேன்.

இங்கே பேசப்படும் காலம் எது? ஏன் இந்தக் காலம்?

சொங் அரசமரபு ஆண்ட 960 முதல் 1279 வரையிலான காலம். 1127 வரை வடக்கே கைஃபெங் தலைநகராக இருந்தது. அந்த ஆண்டு ஜுர்ச்சென் மக்களின் ஜின் அரசு கைஃபெங்கைக் கைப்பற்றிப் பேரரசரையே சிறைபிடித்துச் சென்றதால், தப்பியவர்கள் தெற்கே சென்று இன்றைய ஹாங்சோவில் அரசைத் தொடர்ந்தார்கள். முன்னதை வட சொங் என்றும் பின்னதைத் தென் சொங் என்றும் சொல்வார்கள்.

1100 வாக்கில் இந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 10 கோடியை எட்டியிருந்தது. அத்தனை பேருக்கும் சோறு, விறகு, துணி, சில்லறைக் காசு எல்லாம் கிடைத்தாக வேண்டும். அந்த நெருக்கடிதான் இந்தக் காலத்தை ஆராயத் தகுந்ததாக ஆக்குகிறது என்பது என் கருத்து.

தலைநகரில் ஒரு சாதாரண நாள் எப்படி இருந்தது?

முந்தைய தாங் காலத்தில் தலைநகர் சாங்கான் மதில் சூழ்ந்த பேட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மாலையில் முரசு ஒலித்ததும் பேட்டைக் கதவுகள் அடைக்கப்படும். அதன்பிறகு தெருவில் நடமாடுவது குற்றம். கைஃபெங்கில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. நள்ளிரவை ஒட்டிய மூன்றாம் சாமம் வரை கடை நடத்துவதைத் தடுக்க வேண்டாம் என்று 965ஆம் ஆண்டிலேயே ஆணை பிறந்தது. வீடுகளும் கடைகளும் நேரே தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டன. நகரம் வீழ்ந்தபின் தெற்கே அகதியாக வாழ்ந்த மெங் யுவான்லாவ், 1147ஆம் ஆண்டில் தம் நினைவுகளைத் தொகுத்து எழுதியிருக்கிறார். இரவுச் சந்தை மூன்றாம் சாமம் முடியும்வரை நடந்து, ஐந்தாம் சாமம் பிறந்ததுமே மறுபடி திறந்துவிடும் என்று அவர் குறிப்பிடுகிறார் (சீனர்கள் இரவை ஐந்து சாமங்களாகப் பிரித்தார்கள்).

விடியலை அறிவிப்பது கோயில்களைச் சேர்ந்த பணியாளர்களின் வேலை. இரும்புத் தகட்டையோ மீன் வடிவ மரக்கட்டையையோ தட்டிக்கொண்டு அவர்கள் வீடுவீடாகப் போவார்கள். உடனே கடைகள் திறக்கும். முகம் கழுவ வெந்நீர்கூட விலைக்குக் கிடைக்கும். உணவகங்களைப் பற்றி மெங் எழுதியிருப்பது இன்னும் சுவையானது. வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் ஒருவர் குச்சிகளையும் தாளையும் ஏந்தி வந்து ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்பார். ஒருவர் சூடாகக் கேட்பார், ஒருவர் ஆறியதாகக் கேட்பார், இன்னொருவர் கொழுப்புக் கறி வேண்டும் என்பார். அத்தனையும் மனப்பாடமாக அடுக்களைக்கு உரத்துச் சொல்லப்படும். சற்று நேரத்தில் பரிமாறுபவர் இடக்கையில் மூன்று கிண்ணங்களும், வலக்கையில் விரல் முதல் தோள் வரை அடுக்கிய ஏறத்தாழ இருபது கிண்ணங்களுமாக வந்து, கேட்டவர் கேட்டபடி வைத்துவிட்டுப் போவார். மாறிப்போனால் வாடிக்கையாளர் முதலாளியிடம் முறையிடுவார். பணியாளருக்கு ஏச்சு விழும், கூலி பிடிக்கப்படும், வேலையே கூடப் போகும்.

சாங் செதுவான் தீட்டிய ஐந்து மீட்டருக்கும் நீளமான சுருள் ஓவியம் ஒன்றில் இத்தகைய நகர வாழ்வை இன்றும் காணலாம். அதில் வளைந்த மரப்பாலம் ஒன்று வருகிறது. அதன் அடியில் நுழையப்போகும் படகின் பாய்மரத்தை ஆட்கள் அவசரமாகச் சாய்க்கிறார்கள். பாலத்தின் மேல் நிற்பவர்கள் கைப்பிடியைத் தாண்டிக் குனிந்து பார்த்துக் கூச்சலிடுகிறார்கள். பெருநகரத்தின் நெரிசலை இவ்வளவு நுட்பமாகக் கண்டு வரைந்த ஓவியங்கள் அந்தக் காலத்தில் வேறெங்கும் அரிது.

தீ விபத்துகளை எப்படிச் சமாளித்தார்கள்?

மர வீடுகள் நெருங்கி நின்ற நகரங்களில் தீ தீராத அச்சமாக இருந்தது. கைஃபெங்கில் ஏறத்தாழ முந்நூறு அடிவைப்புகளுக்கு ஒரு காவல் நிலையம் இருந்தது. உயரமான இடங்களில் செங்கல் கோபுரங்கள் எழுப்பி ஆட்கள் இரவெல்லாம் கண்காணித்தார்கள். கோபுரத்தின் கீழே வாளி, கோடரி, ஏணி, கயிறு முதலியவற்றோடு வீரர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். இத்தனை ஏற்பாடும் எல்லாவற்றையும் காத்துவிடவில்லை. ஹாங்சோவில் 1201ஆம் ஆண்டு மூண்ட தீ 50,000க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது.

மக்களின் முக்கிய உணவு என்ன? விளைச்சல் எப்படிப் பெருகியது?

வடக்கே கோதுமையும் தினையும், தெற்கே அரிசியும். தென் சொங் கால ஹாங்சோவில் எந்த வீட்டுக்கும் நாள்தோறும் தேவைப்படுபவையாகச் சொல்லப்பட்ட ஏழு பொருள்கள் விறகு, அரிசி, எண்ணெய், உப்பு, சோயாக் குழம்பு, காடி, தேயிலை. முன்பு செல்வர்களின் பானமாக இருந்த தேநீர் இந்தப் பட்டியலில் இடம்பெற்றதே வாழ்க்கைத்தரம் உயர்ந்ததற்குச் சான்று. அன்று தேயிலையை மாவாக அரைத்து, வெந்நீர் ஊற்றி, மூங்கில் துடைப்பத்தால் நுரை எழக் கடைந்து குடித்தார்கள். வெண்ணுரை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே தென்கிழக்குக் கடலோர ஃபூஜியன் பகுதிச் சூளைகளில் கருநிறக் கிண்ணங்கள் செய்யப்பட்டன.

விளைச்சல் பெருகியதற்கு ஒரு வறட்சியும் காரணம். 1012ஆம் ஆண்டில் யாங்சி, ஹுவாய் ஆறுகளின் பகுதிகளில் மழை பொய்த்தபோது, பேரரசர் செங்சொங் ஃபூஜியனிலிருந்து 30,000 ஹு (ஒரு சீனத் தானிய அளவு) விதைநெல்லைத் தருவித்து உழவர்களுக்குப் பகிர்ந்தளிக்கச் செய்தார். அந்த நெல், இன்றைய நடு வியட்நாமில் இருந்த சம்பா நாட்டிலிருந்து வணிகர்கள் வழியாக முன்பே ஃபூஜியனுக்கு வந்து சேர்ந்திருந்தது. அது குறுகிய காலத்தில் விளையும். தண்ணீர் குறைந்த மேட்டு நிலத்திலும் தாக்குப்பிடிக்கும். விதையோடு அதை விதைக்கும் முறையையும் எழுதி ஒட்டச் செய்தார்கள். ஊறவைப்பது எப்படி, எப்போது விதைப்பது என்ற விளக்கம் இல்லாமல் புதிய விதையை மட்டும் கொடுத்தால் உழவர் நம்பி நிலத்தில் போடமாட்டார் என்பதை அந்த அதிகாரிகள் உணர்ந்திருந்தார்கள். நெல் முன்கூட்டியே அறுவடையானதால் அதே வயலில் அடுத்து கோதுமையோ இன்னொரு போகமோ பயிரிட வழி பிறந்தது.

வயலில் உழைத்தவர்களின் சிரமத்தைக் குறைக்க ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டதா?

காலால் மிதித்து இயக்கும் சங்கிலிப் பலகை இறைப்பான் பரவலாக இருந்தது. வாய்க்காலிலிருந்து மேட்டு வயலுக்கு நீர் ஏற்ற அது உதவியது.

அதைவிட என்னைக் கவர்ந்தது நாற்றுக் குதிரை என்ற சிறிய மரக்கருவி. கவிஞரும் அதிகாரியுமான சூ ஷி, நாடுகடத்தப்பட்டுத் தெற்கே போகும் வழியில் 1094ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு பாடல் எழுதினார். சிறு படகு போன்ற வடிவம். தலையும் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். சேற்றில் வழுக்கிச் செல்ல அடிப்பகுதி வழவழப்பான கடினமரத்தாலும், சுமை குறைய மேற்பகுதி எடை குறைந்த மரத்தாலும் செய்யப்படும். உழவர் அதன்மேல் இருபுறமும் கால்போட்டு அமர்ந்து, காலால் உந்தி சேற்றில் நகர்ந்தபடியே நாற்று வேலை செய்வார். நாற்று முடி கட்டுவதற்கான வைக்கோல் முன்பக்கம் செருகியிருக்கும். நாளெல்லாம் குனிந்து முதுகு ஒடியும் வேலை என்னவென்று நடவு வயலை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெருங்கவிஞர் இந்தக் கருவியின் மர வகை வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டு, போகும் ஊர்களில் எல்லாம் அதைப் பரப்ப முயன்றது அவருடைய பெருமைகளில் ஒன்றாகவே எனக்குத் தோன்றுகிறது.

விறகுத் தட்டுப்பாடு நிலக்கரிக்கு வழிவிட்டது என்பது உண்மையா?

உண்மை. வடசீனாவில் சமையலுக்கும் குளிர் காய்வதற்கும் இரும்பு உருக்குவதற்கும் மரங்கள் வெட்டப்பட்டுக் காடுகள் சுருங்கின. கைஃபெங்கில் எல்லா வீடுகளும் நிலக்கரியையே நம்பியிருந்தன, விறகு எரித்த வீடு ஒன்றுகூட இல்லை என்று ஓர் எழுத்தாளர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதில் சிறிது மிகை இருக்கலாம். ஆனால் போக்கு தெளிவானது.

சூ ஷி சூசோவின் ஆளுநராக இருந்தபோது, கடுங்குளிரில் படுக்கை விரிப்பைக் கொடுத்தால்கூட அரைக்கட்டு ஈர விறகு கிடைக்காத நிலையை நேரில் கண்டார். 1078ஆம் ஆண்டின் இறுதியில் ஆட்களை அனுப்பித் தேடச் செய்து, நகரின் தென்மேற்கே நிலக்கரிப் படிவத்தைக் கண்டுபிடித்தார். வீட்டுக்கு எரிபொருள் கிடைத்ததோடு, அந்தக் கரியைக் கொண்டு இரும்பை உருக்கி ஆயுதங்களும் செய்யப்பட்டன. இனித் தெற்கு மலைக் கஷ்கொட்டைக் காடுகள் மூச்சுவிடலாம் என்ற பொருளில் அவர் பாடியிருக்கிறார்.

கால்வாய்ப் போக்குவரத்தில் என்ன புதுமை?

கைஃபெங்கின் வயிறு தெற்கிலிருந்து கால்வாய் வழியாக வந்த தானியத்தால் நிரம்பியது. தென்கிழக்கு மாவட்டங்கள் ஆண்டுதோறும் 60 இலட்சம் ஷி தானியம் அனுப்ப வேண்டும் என்று அளவு விதிக்கப்பட்டிருந்தது. ஒரு ஷி என்பது அறுபது லிட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவு.

கால்வாயின் நீர்மட்டம் மாறும் இடங்களில் மண் சரிவுகள் இருந்தன. படகில் இருந்த சுமையை இறக்கி, கயிறு கட்டிப் படகைச் சரிவின்மேல் இழுத்து, மறுபுறம் இறக்கி, மீண்டும் சுமையை ஏற்ற வேண்டும். படகுகள் உடைந்தன. அதைவிடப் பெரிய தொல்லை, சுமை இறக்கும் இடத்தில் படகோட்டிகளும் திருடர்களும் கூட்டுச் சேர்ந்து அரசுத் தானியத்தைக் கொள்ளையடித்ததுதான். இதற்குத் தீர்வாகப் போக்குவரத்து அதிகாரி சியாவ் வெய்யுவே, 984ஆம் ஆண்டில் ஹுவாய் ஆற்றை ஒட்டிய பகுதியில் ஐம்பது அடிவைப்பு இடைவெளியில் இரண்டு மதகுகள் அமைத்தார். படகு உள்ளே வந்ததும் பின் மதகை அடைத்துவிட்டு, உள்நீர் முன்பக்க நீர்மட்டத்தை எட்டும்வரை காத்திருந்து, முன் மதகைத் திறந்தால் படகு தானாக மிதந்து வெளியேறும். சுமையை இறக்கவே தேவையில்லாததால் திருட்டும் நின்றது. இன்று பனாமாக் கால்வாயில் கப்பல்கள் ஏறி இறங்குவதும் இதே முறையில்தான். திருட்டை ஒழிக்க நினைத்த ஒரு நிர்வாகியிடமிருந்து உலகத்துக்கே பயன்பட்ட பொறியியல் பிறந்தது.

உலகின் முதல் காகிதப் பணம் எப்படித் தோன்றியது?

மேற்கே சிச்சுவான் பகுதியில் செப்புக் காசுக்கு மாற்றாக இரும்புக் காசு புழங்கியது. இரும்புக்கு மதிப்புக் குறைவு. ஆகவே எண்ணிக்கை கூடுதல். பத்தாயிரம் சிறு இரும்புக் காசுகள் 65 சின் எடையிருந்தன. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 40 கிலோ. சந்தையில் சற்றுப் பெரிய கொள்முதல் செய்யப்போகிறவர் காசைச் சுமக்க ஆளை அமர்த்த வேண்டியிருந்தது.

செங்து நகர வணிகர்கள் காசைப் பெற்றுக்கொண்டு வைப்புச் சீட்டு கொடுக்கத் தொடங்கினார்கள். சீட்டு கைமாறியது, மெல்ல மெல்ல சீட்டே பணமாயிற்று. ஜியாவ்சி என்று அதற்குப் பெயர். பின்னர் பதினாறு பெருவணிகக் குடும்பங்கள் அரசின் ஒப்புதலோடு இதை நடத்தின. அவர்கள் மக்களின் வைப்புத்தொகையைக் கொண்டு வீடும் நிலமும் வாங்கிக் குவித்தார்கள். சீட்டை நீட்டியவர்களுக்குக் காசு கொடுக்க முடியாதபோது கூட்டம் திரண்டு கலகம் மூண்டது. அரசு தலையிட்டு 1023ஆம் ஆண்டில் தனி அலுவலகம் நிறுவி, அடுத்த ஆண்டு தானே சீட்டு வெளியிட்டது.

அந்த ஏற்பாட்டின் விவரங்கள் வியக்க வைக்கின்றன. ஆயிரம் காசு கோத்தது ஒரு சரம் என்ற கணக்கில் முதல் வெளியீட்டின் அளவு 12,56,340 சரங்கள். அதற்கு ஈடாக 3,60,000 சரங்கள் இரும்புக் காசு கையிருப்பாக வைக்கப்பட்டது. சீட்டுக்குக் காலவரையறை உண்டு. காலம் முடிந்ததும் சரத்துக்கு முப்பது காசு கட்டணம் செலுத்திப் புதுச்சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கிழிந்து நைந்த தாள்களும் கள்ளத் தாள்களும் பெருகாமல் இருக்க இது நல்ல தடுப்பு.

ஆனால் கட்டுப்பாடு நிலைக்கவில்லை. வடமேற்குப் போர்ச்செலவை ஈடுகட்ட வரம்பின்றி அச்சடித்ததால், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்கு பழைய தாளுக்கு ஒரு புதிய தாள் என்ற நிலைக்கு மதிப்பு சரிந்தது. தென் சொங் அரசு 1160 முதல் ஹுவெய்சி என்ற தாளை வெளியிட்டது. அதன் கடைசிக் காலமும் கடும் பணவீக்கத்தில்தான் முடிந்தது. காகிதப் பணத்தின் வசதியையும் அதன் ஆபத்தையும் ஒருசேர முதலில் அனுபவித்தவர்கள் இந்த மக்களே.

பி ஷெங்கின் அச்செழுத்து முறை என்ன? அது ஏன் உடனே பரவவில்லை?

மரப்பலகையில் பக்கம் முழுவதையும் செதுக்கி அச்சிடும் முறை சொங் காலத்துக்கு முன்பே நன்கு வளர்ந்திருந்தது. 868ஆம் ஆண்டிட்ட பௌத்த சூத்திரச் சுருள் ஒன்று வடமேற்கே துன்ஹுவாங்கில் கிடைத்துள்ளது. 971ஆம் ஆண்டில் செங்துவில் தொடங்கி 983இல் முடிந்த பௌத்த நூல் தொகுதிக்கு ஏறத்தாழ 1,30,000 பலகைகள் செதுக்கப்பட்டன.

1041க்கும் 1048க்கும் இடையே, பதவி எதுவும் இல்லாத சாமானியரான பி ஷெங் தனித்தனி எழுத்துகளை உருவாக்கினார். அறிஞர் ஷென் குவோ எழுதிவைத்திராவிட்டால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. ஈரக் களிமண்ணில், காசின் விளிம்பளவு உயரத்தில் எழுத்தைச் செதுக்கி நெருப்பில் சுட்டார். இரும்புத் தட்டில் பைன் பிசின், மெழுகு, காகிதச் சாம்பல் ஆகியவற்றின் கலவையைப் பரப்பி, அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து எழுத்துகளை அடுக்கினார். தட்டைச் சூடாக்கினால் கலவை இளகும், தட்டையான பலகையால் மேலே அழுத்தினால் எழுத்துகள் எல்லாம் ஒரே மட்டமாகும், ஆறியதும் இறுகிவிடும். ஒரு தட்டில் அச்சிடும்போதே மற்றொன்றில் அடுத்த பக்கம் அடுக்கப்படும். அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பிரதிகள் செய்துவைத்திருந்தார். அரிய எழுத்து தேவைப்பட்டால் அப்போதே செதுக்கி, வைக்கோல் தீயில் சுட்டுக்கொள்வார். மரத்தில் ஏன் செய்யவில்லை என்பதற்கும் ஷென் குவோ விடை தருகிறார்: மரத்தின் இழையோட்டம் சீராக இராது, ஈரம் பட்டால் உப்பும், பிசினிலிருந்து பிரித்தெடுக்கவும் முடியாது.

இரண்டு மூன்று படிகள் வேண்டுமென்றால் இம்முறையில் பயனில்லை, நூறும் ஆயிரமும் வேண்டுமென்றால் மிக விரைவு என்று அவரே மதிப்பிட்டிருக்கிறார். பதிப்பாளர்களின் கணக்கு வேறாக இருந்தது. சீன எழுத்துகள் ஆயிரக்கணக்கானவை. அத்தனையையும் செய்து, வரிசைப்படுத்தி, தேடி எடுத்து அடுக்க வேண்டும். பலகையோ ஒருமுறை செதுக்கிவிட்டால் பல்லாண்டுகளுக்கு இருக்கும். விற்பனைக்கு ஏற்றபடி ஐம்பது படி இன்றும், நூறு படி அடுத்த ஆண்டும் எடுக்கலாம். செதுக்குபவர்களின் கூலியும் குறைவு. ஆகவே பலகையே நீடித்தது. இதைப் பி ஷெங்கின் தோல்வி என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை.

புத்தகங்களை யார் வாங்கினார்கள்?

பெரும்பாலும் அரசுத் தேர்வுக்குப் படித்தவர்கள். குடும்பச் செல்வாக்கைத் தாண்டித் திறமையைக் கண்டறிய வேண்டும் என்பதற்காகச் சொங் அரசு தேர்வுமுறையைச் சீர்செய்தது. விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டும் வழக்கம் அரண்மனைத் தேர்வில் 992 முதல் வந்தது. கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் காணாதிருக்க, எழுத்தர்கள் எல்லா விடைத்தாள்களையும் வேறு தாளில் படியெடுத்து, அந்தப் படியைத்தான் திருத்துபவரிடம் கொடுத்தார்கள். 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்வு என்பது நிலைபெற்றது. காப்பி அடிக்க உதவும் உள்ளங்கை அளவு நூல்களும் சந்தைக்கு வந்தன என்பதிலிருந்து போட்டியின் கடுமையை உணரலாம். பெண்களுக்குத் தேர்வில் இடமில்லை. பல ஆண்டுகள் படிக்கவைக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் நடைமுறையில் வாய்ப்புக் குறைவே.

பெண்களின் நிலை எப்படி இருந்தது?

ஒரே சொல்லில் விடை தர முடியாத கேள்வி இது. மணமகள் கொண்டுவந்த சீதனத்தின்மேல் அவளுக்குக் குறிப்பிடத்தக்க உரிமை இருந்தது. கணவன் இறந்தபின் மறுமணம் செய்துகொள்வோர் அதை எடுத்துச் செல்வதும் நடந்தது. பட்டு நூற்பிலும் நெசவிலும் கிடைத்த வருமானம் பல குடும்பங்களை வாழவைத்தது. மற்றொரு பக்கம், கால்களைச் சிறுவயதிலேயே துணியால் இறுக்கிக் கட்டும் கொடிய வழக்கம் மேற்குடியினரிடையே வேரூன்றியதும் இதே காலத்தில்தான். 1243ஆம் ஆண்டில் இளவயதிலேயே இறந்து ஃபூசோவில் புதைக்கப்பட்ட ஹுவாங் ஷெங் என்ற பெண்ணின் கல்லறையில் மெல்லிய பட்டாடைகள் குவியலாகக் கிடைத்தன. அவருடைய பாதங்களும் கட்டப்பட்டிருந்தன.

கவிஞர் லி சிங்சாவ் (பிறப்பு 1084) தம் இளம் மணவாழ்க்கையைப் பற்றி எழுதியிருக்கிறார். மாணவராக இருந்த கணவர் மாதத்தில் இருமுறை விடுமுறையில் வரும்போது துணியை அடகு வைத்து ஐந்நூறு காசு பெற்று, கைஃபெங்கின் சியாங்குவோ கோயில் சந்தைக்குப் போய்க் கல்வெட்டுப் படிகளும் பழங்களும் வாங்கி வருவார். இருவரும் எதிரெதிரே அமர்ந்து பழத்தைத் தின்றபடி அந்தப் படிகளைப் பார்த்து மகிழ்வார்கள். 1127க்குப் பின் ஓடிய ஓட்டத்தில் கணவரையும் சேகரிப்பில் பெரும்பகுதியையும் அவர் இழந்தார்.

ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் அரசு உதவியதா?

உதவியது, இந்தத் துறையில் சொங் அரசின் முயற்சி அந்தக் காலத்துக்கு மிகப் பெரியது. 1076ஆம் ஆண்டில் தலைநகரில் அரசு மருந்துக்கடை திறக்கப்பட்டது. பின்னர் அது பல ஊர்களுக்குப் பரவியது. அங்கே விற்ற மருந்துகளின் செய்முறைகள் நூலாகத் தொகுக்கப்பட்டன. 1102இல் ஏழைகளுக்கான மருத்துவ இல்லங்களும், 1104இல் ஆதரவற்றோரை அடக்கம் செய்யும் இடுகாடுகளும் நாடெங்கும் நிறுவ ஆணையிடப்பட்டது.

இவற்றுக்கு முன்னோடி ஹாங்சோவில் இருந்தது. 1089இல் அங்கு ஆளுநராக வந்த சூ ஷி, பரவிய கொள்ளைநோயைக் கண்டு, பொதுப்பணத்தில் 2,000 சரங்களோடு தம் சொந்தப் பொன் ஐம்பது லியாங்கையும் (லியாங் ஒரு சீன எடை அளவு) சேர்த்து மருத்துவ இல்லம் தொடங்கினார். பௌத்தத் துறவியர் அதை நடத்தினர். மூன்றாண்டில் ஆயிரம் பேரைக் குணப்படுத்திய துறவிக்கு ஊதா அங்கி அணியும் சிறப்பு வழங்கப்பட்டது.

நீதித்துறையிலும் மருத்துவ அறிவு புகுந்தது. நீதிபதி சொங் ச 1247இல் எழுதிய பிணப் பரிசோதனைக் கையேட்டில் ஒரு வழக்கு வருகிறது. வழியோரம் ஒருவர் அரிவாள் வெட்டுகளோடு கிடந்தார். பொருள் எதுவும் களவுபோகவில்லை. பகையால் நிகழ்ந்த கொலை என்று ஊகித்த அதிகாரி, ஊரார் எல்லாரையும் தங்கள் அரிவாள்களைக் கொண்டுவரச் சொன்னார். எழுபது எண்பது அரிவாள்கள் தரையில் வரிசையாக வைக்கப்பட்டன. வெயில் காலம். ஈக்கள் ஒரே ஒரு அரிவாளை மட்டும் மொய்த்தன. கழுவியும் போகாத இரத்த வாடை காட்டிக்கொடுக்க, அதற்கு உரியவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அடித்து உதைத்து வாக்குமூலம் வாங்குவது எளிதாக இருந்த காலத்தில், சான்றைத் தேடும் பொறுமையைக் கற்பிக்க ஒரு நீதிபதி நூல் எழுதினார் என்பதை நாம் மறக்கக்கூடாது.

வெடிமருந்தும் திசைகாட்டியும் அன்றாட வாழ்வைத் தொட்டனவா?

வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த வெடிமருந்தின் செய்முறைகள் 1044ஆம் ஆண்டின் படைத்துறைத் தொகுப்பு நூலில் எழுதப்பட்டுள்ளன. 1132இல் தெஆன் நகர முற்றுகையின்போது தீ உமிழும் மூங்கில் குழல்கள் பயன்பட்டன. விழாக்களில் வாணவேடிக்கையாகவும் மக்கள் இதைக் கண்டார்கள். காந்த ஊசி மிகச் சரியாகத் தெற்கைக் காட்டாமல் சற்று விலகி நிற்பதை ஷென் குவோ கவனித்து எழுதினார். மாலுமிகள் இரவில் விண்மீனையும், பகலில் சூரியனையும், மூடுபனியில் தெற்குகாட்டும் ஊசியையும் பார்த்துக் கலம் செலுத்தியதாக 1119ஆம் ஆண்டளவில் சூ யூ என்பவர் பதிவு செய்துள்ளார்.

கடல் வணிகத்தில் தமிழர்களுக்குத் தொடர்பு உண்டா?

உண்டு, கல்லிலும் செம்பிலும் சான்றுகள் இருக்கின்றன. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சொங் அரசவைக்குச் சென்றதைச் சீன ஆவணங்கள் குறிக்கின்றன. தஞ்சைப் பகுதியில் கிடைத்த சீனக் காசுப் புதையல்களில் சொங் காலச் செப்புக் காசுகள் மிகுதி. நாகப்பட்டினத்தில் 1267ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டதாகச் சீன எழுத்து பொறித்த செங்கற்கோபுரம் ஒன்று நின்றதை, பின்னர் வந்த சீனப் பயணி வாங் தாயுவான் குறிப்பிடுகிறார். சீனத் துறைமுகமான சுவான்சௌவில் தமிழும் சீனமும் பொறித்த 1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அங்கே சிவன் திருமேனி எழுந்தருளுவிக்கப்பட்டதைச் சொல்கிறது. அது சொங் வீழ்ந்து இரண்டாண்டுகளுக்குப் பிந்தியது. ஆனால் அத்தகைய குடியிருப்பு ஓரிரு ஆண்டில் உருவாகியிருக்க முடியாது.

சுவான்சௌவில் கடல் வணிக அலுவலகம் 1087இல் நிறுவப்பட்டது. அந்தத் துறைமுகத்தின் சேற்றில் புதைந்திருந்து 1974இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட சொங் காலக் கப்பலில் பதின்மூன்று தனித்தனி அறைகள் இருந்தன. ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்றவை காக்கும் என்பதற்கான அமைப்பு அது. உள்ளே வாசனை மரங்களும் மிளகும், சரக்கின் உரிமையாளரைக் குறிக்கும் மரச்சீட்டுகளும் கிடைத்தன.

இத்தனை புதுமையால் கிராம மக்கள் வளமாக வாழ்ந்தார்களா?

எல்லாரும் அல்ல. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வரி கட்ட வேண்டும். விதைப்புக்கு முன் கடன் வாங்கியே தீரவேண்டிய நிலை. வட்டிக்காரர்களிடமிருந்து அவர்களை மீட்க அமைச்சர் வாங் அன்ஷி 1069இல் பசும்பயிர்க் கடன் திட்டத்தைக் கொண்டுவந்தார். தவணைக்கு இருபது விழுக்காடு வட்டி. அன்றைய தனியார் வட்டியோடு ஒப்பிட்டால் குறைவு. ஆனால் மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட விரும்பிய அதிகாரிகள், கடன் வேண்டாதவர்மேலும் அதைத் திணித்தார்கள். நோக்கம் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. நிறைவேற்றிய விதம்தான் திட்டத்தைக் கெடுத்தது. வறுமையால் பச்சிளங்குழந்தைகளைக் கொல்லும் கொடுமையும் சில பகுதிகளில் இருந்தது. அதைத் தடுக்கச் சூ ஷி நன்கொடை திரட்டினார்.

சொங் அரசு வீழ்ந்ததும் இவை எல்லாம் மறைந்தனவா?

1276இல் ஹாங்சோ மங்கோலியரிடம் வீழ்ந்தது. 1279இல் யாமென் கடற்போரோடு அரசமரபு முடிந்தது. காகிதப் பணத்தை மங்கோலியர் எடுத்துக்கொண்டு பேரரசு முழுவதும் செலுத்தினர். 1298 வாக்கில் வாங் சென் என்ற அதிகாரி 60,000க்கும் மேற்பட்ட மர அச்செழுத்துகளைச் செய்வித்து, சுழலும் மேசையில் அடுக்கி, ஒரு மாதத்துக்குள் நூறு படிகள் அச்சிட்டார். சொங் சவின் கையேடு 19ஆம் நூற்றாண்டு வரை நீதிமன்றங்களில் பயன்பட்டது.

மறைந்துபோனவையும் உண்டு. 1088க்குப் பின் கைஃபெங்கில் சூ சொங் தலைமையில் எழுப்பப்பட்ட, ஏறத்தாழ 12 மீட்டர் உயர வானியல் கடிகாரம் அவற்றுள் ஒன்று. 36 அகப்பைகள் பொருத்திய சக்கரம் நீரின் எடையால் படிப்படியாகச் சுழன்று, விண்கோளக் கருவியையும் நேரம் அறிவிக்கும் மரப்பாவைகளையும் இயக்கியது. 1127இல் ஜின் படையினர் அதைக் கழற்றி வடக்கே கொண்டுசென்றார்கள். முன்போல் அது மீண்டும் ஓடவில்லை. அதை அமைத்த முறையைச் சூ சொங் படங்களோடு நூலாக எழுதிவைத்திருந்ததால், 20ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்களால் அதன் இயக்கத்தைப் புரிந்துகொண்டு மாதிரிகள் செய்ய முடிந்தது.